பாத்திரம் மூடியிருந்த காலம்

எங்கள் சபையின் மூன்று ஐயர்களையும் பார்த்தவள் நான். ரங்கூனில் தமிழ் வேதக்காரர்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பூணூல் போட்டவர் என்று யாரும் குழம்ப வேண்டாம். முதலாமவர் நல்லவர். இரண்டாமவர் படித்தவர். மூன்றாமவரை ஒரே வார்த்தையில் சொல்ல இன்றைக்கும் எனக்கு வார்த்தை அகப்படவில்லை. நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது, கூடவே கோபமும் வருகிறது.

முதல் ஐயர் கூலிகளோடு கூலியாகக் கப்பலேறி வந்தவர். போட்டாடவுங்கில் ஆற்றங்கரை அரிசிக் கிடங்கில், சாக்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்துதான் முதல் ஜெபம் நடந்ததாம். பிறகு கியாக்டடாவில் ஒரு வெள்ளைக்காரர் கோயிலை ஞாயிறு மத்தியானம் மட்டும் இரவல் கொடுத்தார்கள். அவர்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம் அது. அந்த வெயிலில் யாருக்கு ஜெபம் வரும்? வந்தது. வேர்த்து ஒழுகிக்கொண்டு பாடினோம். அப்புறம் எங்களுக்கென்று சொந்தமாய் ஒரு கோயில் எழும்பியது. பலகைச் சுவர், தகரக் கூரை. வாரம் முழுக்கக் கப்பலில் மூட்டை தூக்கின ஆட்கள், ஓய்வு நாளில் தேக்குப் பலகை தூக்கினார்கள். அவர்கள் பாடிக்கொண்டே தூக்கியதைப் பார்த்தபோது, இவர்கள்தானா நேற்றுவரை முதுகு போச்சு, இடுப்பு போச்சு என்று புலம்பினவர்கள் என்று வாயைப் பிளந்து நின்றேன். ஐயர் வேட்டியை மடித்துக் கட்டிச் சுண்ணாம்பு குழைத்தார்.

அந்தக் கோயிலில் நாற்காலி கிடையாது, பாய்தான். முன்பாயில் குமாஸ்தாக்களும் மேஸ்திரிமாரும். நடுப்பாயில் துறைமுகக் கூலிகளும் மில் ஆட்களும். கடைசிப் பாயில் நாங்கள். நான் பெரியாஸ்பத்திரியில் பெண்கள் வார்டைக் கூட்டிக் கழுவுகிறவள். என் புருஷன் முனிசிபாலிட்டி மலவண்டி ஓட்டினவன். எங்கள் லயன் வீடுகளிலிருந்து இன்னும் சில குடும்பங்கள். கடைசிப் பாய்தான் உங்களுக்கு என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. சொல்லவா வேண்டும்? நாங்கள் உட்கார்ந்தால் பக்கத்துப் பாய் தானாகக் காலியாகும்.

நற்கருணைக்கும் அதே வரிசைதான். முன்பாய், நடுப்பாய், பிறகு நாங்கள். ஒரே பாத்திரம், ஆனால் எங்கள் வாய் பட்ட பிறகு இன்னொரு வாய் படாதபடிக்கு ஏற்பாடு. படுகிற வாய் ஒன்றே ஒன்றுதான், ஐயருடையது. மீந்த திராட்சரசத்தை ஐயர் குடித்து முடிக்க வேண்டும் என்பது சபை முறை. முதல் ஐயர் எங்களுக்குப் பிறகு அதைக் கடைசிச் சொட்டுவரை குடிப்பார், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எங்களுக்கு அதுவே பெரிய காரியமாக இருந்தது.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? கோயில் வாசலில் ஒரு பர்மாக்காரி மோஹிங்கா விற்பாள். மீன் குழம்பில் மிதக்கும் சேமியா மாதிரி ஒன்று, அதன் மணத்துக்கே எச்சில் ஊறும். அவளிடம் இருந்தது நாலைந்து கிண்ணம். ஒரே வாளித் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்து எல்லாருக்கும் அதிலேயே ஊற்றுவாள். ஆராதனை முடிந்ததும் முன்பாய்க்காரர்கள் அங்கேதான் குந்தி உட்கார்ந்து உறிஞ்சுவார்கள். நான் குடித்து வைத்த கிண்ணத்தில் பெரிய மேஸ்திரியே குடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாசலுக்கு வெளியே ஒட்டாத தீட்டு வாசலுக்கு உள்ளே வந்ததும் எப்படி ஒட்டிக்கொள்ளும்? என் புருஷனிடம் கேட்டேன். "உனக்கு வாய் நீளம்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

முதல் ஐயர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். இரண்டாமவர் வந்தார். அழகாகப் பிரசங்கம் செய்வார், கேட்டால் கண்ணில் தண்ணீர் வரும். வந்த சில மாதத்தில் எங்களுக்கென்று தனியாக ஒரு பித்தளைக் கிண்ணம் வாங்கி வைத்தார். சுகாதாரமாம்! முன்பாய்க்கு வெள்ளிப் பாத்திரம், எங்களுக்குப் பித்தளை. என் புருஷன் கூட அன்றைக்கு வாயைத் திறந்தான். "முன்ன கடைசியாவாவது இருந்தோம். இப்ப வேற பந்தி ஆயிட்டோம்" என்றான். அந்த ஐயரும் ஊருக்கு மாறிப் போனார்.

மூன்றாமவர் வந்த கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு தாங்கவில்லை. சபையே கப்பல்துறை ஜெட்டிக்குப் போயிருந்தது. செண்டுமல்லி மாலை, மிருதங்கம், ஜால்ரா. மேஸ்திரிதான் தலைமை. அவர் சபைக்கு மூப்பர், துறைமுகத்தில் இருநூறு முன்னூறு பேருக்கு வேலை போடுகிறவர். கப்பலிலிருந்து கறுப்புக் கோட்டும் குடையுமாக ஒருவர் மிடுக்காக இறங்கினார். அவ்வளவுதான். ஐயர் என்றால் கறுப்புக் கோட்டு, கறுப்புக் கோட்டு என்றால் ஐயர். மேஸ்திரி ஓடிப்போய் மாலையைப் போட்டார், கீர்த்தனை கிளம்பிவிட்டது. அந்த மனிதர் முதலில் ரங்கூனில் வழக்கமே இதுதான் போலிருக்கிறது என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நாங்கள், கடைசிப் பாய், அங்கேயும் கடைசியில்தான் நின்றோம். மேல்தட்டு டெக்கில் வந்த கூலி ஜனங்களை அப்போதுதான் அம்மை குத்தி வெளியே விட்டார்கள். அதில் ஒருவர், ஒல்லியான ஆள், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, தோளில் தகரப் பெட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன தாயி, இங்க விசேஷம்?"

"எங்க சபைக்குப் புது ஐயர் வந்திருக்காரு."

"அப்படியா! யாரு?"

"அந்தா, மாலை போட்டிருக்காரே, அவருதான்."

அவர் எட்டிப் பார்த்தார். "நல்லா வாட்டசாட்டமாத்தான் இருக்காரு" என்றார். என்னோடு சேர்ந்து கீர்த்தனையும் பாடினார். நல்ல குரல். அதற்குள் முன்னால் ஒரே சத்தம். கறுப்புக் கோட்டுக்காரரைக் குதிரை வண்டியில் ஏற்றப் பார்த்திருக்கிறார்கள். அவர், "விடுங்கய்யா! நான் செட்டியார் கடைக்கு வந்த வக்கீல் குமாஸ்தா! நான் முருக பக்தன்யா!" என்று மாலையைக் கழற்றி எறிகிறார். மேஸ்திரிக்கு முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்தில் இருந்தவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "அப்ப நான்தான் போலிருக்கு தாயி" என்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அவர் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இப்படிச் சிரிக்கிற ஐயரை நான் அதுவரை பார்த்ததில்லை.

சிரிப்பெல்லாம் முதல் நற்கருணை ஞாயிறுவரைதான். அன்று பீடத்தில் இரண்டு பாத்திரம் இருந்தது. ஐயர் பித்தளையைக் கையில் எடுத்தார். "இது எதுக்கு?" என்று கேட்டார். கடைசியில் மேஸ்திரிதான் எழுந்து, "அது பின்னால இருக்கிறவங்களுக்கு, ஐயா. பழைய ஐயர் ஏற்பாடு" என்றார். ஐயர் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு அப்பம் வைத்த வெள்ளித் தட்டின் மேல் கிடந்த வெள்ளைத் துணியை எடுத்து இரண்டையும் சேர்த்து மூடினார். சத்தமே போடவில்லை. "எல்லாரும் ஒரே பாத்திரத்தில, வரிசை பார்க்காமக் குடிக்கிற நாள் வந்தா இந்தத் துணியை எடுப்பேன். அதுவரைக்கும் யாருக்கும் இல்லை. எனக்கும் இல்லை" என்றார். ஆசீர்வாதம் சொல்லிச் சபையை அனுப்பிவிட்டார்.

கிறிஸ்துமசுக்குள் பணிந்துவிடுவார் என்று முன்பாயில் பேசிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் வந்தது, துணி அப்படியே கிடந்தது. உயிர்த்தெழுந்த பண்டிகை வந்தது, துணி அப்படியே. பிரசங்கம் உண்டு, கல்யாணம் உண்டு, ஞானஸ்நானம் உண்டு. சம்பான் படகில் ஆற்றைத் தாண்டிச் சிரியம் ஊருக்குப் போய் எண்ணெய்க் கம்பெனி ஆட்களுக்கு ஜெபம் நடத்திவிட்டு வருவார். ஆனால் பாத்திரம் மட்டும் மூடியே இருந்தது. சிலர் வேறு கோயிலுக்குப் போனார்கள். போகாதவர்கள் எங்களை முறைத்தார்கள். "இவங்களால வந்த வினை" என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. நாங்களா மூடச் சொன்னோம்? எங்களை யார் கேட்டார்கள்?

ஒருநாள் ஆஸ்பத்திரி வேலை முடிந்த கையோடு ஐயர் வீட்டுக்கே போய்விட்டேன். அவர் வாசலில் உட்கார்ந்து கிழிந்த குடையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, உங்க வீம்புக்கு எங்க வாய்க்குக் கிடைச்சதையும் பிடுங்கிட்டீங்களே. பித்தளையோ தகரமோ, கர்த்தருடைய ரசம் எங்களுக்குக் கிடைச்சுது. இப்ப அதுவும் போச்சு, பேரும் கெட்டுது. எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நான் இன்னும் பேச நிறைய வைத்திருந்தேன். அவர் ஊசியைக் கீழே வைத்தார். எழுந்து நின்றார். நான் வந்தால் எழுந்து நிற்கிற மனிதரை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

"கேக்கலை தாயி" என்றார். "கேட்டிருக்கணும். பெரிய தப்பு. இப்ப கேக்கிறேன். துணியை எடுத்திரட்டுமா? வர்ற ஞாயிறே எடுத்திருதேன். நீங்க சொன்னாச் சரி."

அடேயப்பா! ஐயர் என்னிடம் அனுமதி கேட்கிறார். சபையே கெஞ்சியும் மிரட்டியும் அசையாத மனிதர். சரி என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். ஆனால் துணியை எடுத்தால் உள்ளே இருப்பது இரண்டு பாத்திரம். அந்தப் பித்தளை என் கண் முன்னால் வந்து நின்றது.

"மூடினது மூடினதாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில்தான் மேஸ்திரியின் பெண்சாதி, மேஸ்திரி அம்மாவை எங்கள் வார்டில் கொண்டுவந்து போட்டார்கள். வயிற்றில் கட்டி. நல்ல உயரம், நல்ல நிறம், கோயிலில் நான் கடந்து போனால் சேலை முந்தானையை இழுத்து மடியில் சுருட்டிக்கொள்கிற அம்மா. இப்போது எலும்பும் தோலுமாய்க் கிடந்தாள். வார்டில் அவள் வாந்தியை வழித்தது நான். பீ மூத்திரம் எடுத்தது நான். விழுங்க முடியாமல் வாயில் கோழை கட்டிக்கொண்டால் விரலில் துணி சுற்றித் துடைத்து எடுத்ததும் நான்தான். அன்பினால் என்று பொய் சொல்ல மாட்டேன், வேலை அது. அவளும் சும்மா இருக்க மாட்டாள். "மெதுவா பண்ணுட்டி, சட்டி கழுவுற மாதிரிக் கழுவாதே" என்று வைவாள். நானும், "சட்டியா இருந்தா பேசாம இருக்கும்" என்பேன். அவளுக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் வலிக்கும். வலித்தால் என்னை மறுபடியும் வைவாள்.

இனி வைத்தியம் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் போனவள் ஒன்றே ஒன்று கேட்டாளாம், சாவதற்குள் நற்கருணை வேண்டும் என்று. மேஸ்திரி ஐயரிடம் ஓடினார். அங்கே நடந்ததை ஐயரே பிறகு எனக்குச் சொன்னார்.

"சாகப் போறவளுக்குக் கூடக் கொடுக்க மாட்டீரா?" என்று கத்தியிருக்கிறார் மேஸ்திரி.

"கொடுப்பேன்" என்றாராம் ஐயர். "ஆனா முறை உமக்கே தெரியும். வீட்டில கொடுத்தா நோயாளி தனியா வாங்கக் கூடாது, கூட வாங்க ஆள் வேணும். நீர் ஒருத்தர். இன்னொருத்தர் யாருன்னு அம்மாவையே கேளும். அவங்க யாரைச் சொல்றாங்களோ அவங்க வரட்டும். ஒரே பாத்திரம். முதல்ல நான், அப்புறம் கூட வாங்குறவங்க, கடைசியில நோயாளி. யாராவது ஒருத்தர் மாட்டேன்னா நான் பாத்திரத்தை மூடிட்டு வந்திருவேன்."

அம்மா என்னைச் சொன்னாள்.

மேஸ்திரி எங்கள் லயனுக்கு வந்தார். லயன் முனையிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது, சாக்கடை நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது. "அவ உன்னைக் கூப்பிடுறா" என்றார். அவ்வளவுதான். வரமாட்டேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. இவர் ஆளனுப்பியிருந்தால் சொல்லியும் இருப்பேன். தானே வந்து நிற்கிறாரே! கண் சிவந்து வீங்கியிருந்தது. முகம் கழுவிச் சேலை மாற்றிக்கொண்டு, அவருக்குப் பின்னால் நடந்தேன். கையில் பினாயில் வாசனை போகவே இல்லை.

பிள்ளையில்லாத வீடு. கட்டிலில் அம்மா. ஐயர் வெள்ளைத் துணி விரித்துப் பாத்திரத்தை வைத்திருந்தார். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். "உள்ள வாட்டி" என்றாள் அம்மா. குரல் காற்றாகத்தான் வந்தது. "உன் கை என் வாய்க்குள்ளேயே வந்தாச்சு. இனிப் படி என்ன, பாய் என்ன."

ஐயர் ஜெபம் பண்ணினார். அத்தனை காலத்துக்குப் பிறகு அன்றுதான் அவர் குடித்தார். பிறகு என்னிடம் நீட்டினார். வெள்ளிப் பாத்திரம். அதன் விளிம்பு எவ்வளவு மெல்லியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குடித்தேன். தொண்டையில் இறங்கியதோ இல்லையோ தெரியாது. குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அடுத்து மேஸ்திரி. ஐயர் பாத்திரத்தைக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். அம்மா தலையணையில் தலையைத் திருப்பி, வாயைக் குருவிக் குஞ்சு மாதிரி லேசாகத் திறந்துகொண்டு அவரையே பார்த்தாள். அவர் குடித்தால்தான் அவளுக்கு. இல்லையென்றால் ஐயர் மூடிக்கொண்டு போவார். போகக் கூடியவர்தான், எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மேஸ்திரி பாத்திரத்தைக் கையில் சுற்றினார். எனக்குப் புரிந்துவிட்டது. என் வாய் பட்ட இடம் வேண்டாமென்று மறுபக்கம் தேடுகிறார்! இங்கே, இந்தக் கட்டிலுக்கு முன்னால் கூடவா? என் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வெளியே போய்விடலாம் என்று காலை எடுத்தேன். அவர் சுற்றுவதை நிறுத்தினார். விளிம்பில் என் வாயின் ஈரத் தடம் தெரிந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருந்தார். அங்கேயே வாயை வைத்துக் குடித்தார்.

ஆண்டவரே என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஐயர் கண்ணை மூடிக்கொண்டார். மேஸ்திரி தானே குனிந்து அம்மாவின் வாயில் சாய்த்தார். பாதி வழிந்தது. பழக்க தோஷம், என் முந்தானையால் துடைத்துவிட்டேன். "மெதுவாட்டி" என்றாள்.

அம்மா அந்த வாரமே கண்ணை மூடினாள். அடுத்து வந்த ஞாயிறு கோயிலில் துணியை எடுத்தார்கள், மேஸ்திரி எங்களுக்குப் பின்னால் நின்று வாங்கினார். சிலர் எழுந்து வெளியே போனார்கள், அதில் சில குடும்பங்கள் திரும்பவே இல்லை. சபைச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் எழுதுவார்கள். எழுத வேண்டியதுதான். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன்.

அம்மா வீட்டில் அன்று மத்தியானம் நற்கருணை முடிந்து ஐயர் போய்விட்டார். அம்மா அசந்து தூங்கினாள். நானும் கிளம்பினேன். மேஸ்திரி, "இரும்மா" என்றார். என்னை 'அம்மா' போட்டு அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அடுப்படிக்குப் போனார். பாத்திரங்கள் உருளுகிற சத்தம் கேட்டது. மனிதருக்கு அடுப்புப் பழக்கம் இல்லை, பாவம். வெகுநேரம் கழித்துக் காப்பி கொண்டுவந்தார். அவர்கள் குடிக்கிற வெண்கல டம்ளரில்.

கர்த்தருடைய பாத்திரத்தில் குடித்தபோதுகூடக் கலங்காத கண், அந்த டம்ளரைப் பார்த்ததும் கலங்கிவிட்டது. கோயில் வேறு. வீடு வேறு. கோயிலில் ஒரே பாத்திரத்தில் குடித்துவிட்டு, வீட்டு வாசலில் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். காப்பி ஒரே கசப்பு, சர்க்கரையே போடவில்லை. கடைசிவரை குடித்தேன்.

குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு, எந்த வீட்டிலும் நாங்கள் செய்கிற மாதிரி, கழுவி வைக்கப் பின்பக்கம் போனேன். அவர் குறுக்கே வந்து கையை நீட்டினார்.

"கொடும்மா. நான் கழுவிக்கிறேன்."